சியாங் ராய் வெள்ளைக் கோயில்: உள்ளே போனதும் திரும்பி நின்று பாருங்கள்

தாய்லாந்தின் வடக்கே, சியாங் ராயில் இருக்கும் வெள்ளைக் கோயிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சியாங் மாயிலிருந்து மூன்று மணி நேரம் போய்ப் பார்க்கும் அளவுக்கு அது உண்மையான கோயிலா, படம் பிடித்துக்கொள்ளக் கட்டிய செட்டா? உள்ளே சூப்பர்மேன் ஓவியம் இருக்கிறதாமே, அது புத்தருக்கு அவமரியாதை இல்லையா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? மூன்றில் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பதில் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு அந்தக் கோயில் வேறு மாதிரி தெரியும். முதலில் கொஞ்சம் பின்னணி.

கோயிலின் பெயர் வாட் ரோங் குன். சியாங் ராய் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 13 கிலோமீட்டர். அந்த ஊரில் ஏற்கெனவே ஒரு பழைய கோயில் இருந்தது. சிதிலமாகி, புதுப்பிக்கப் பணம் இல்லாமல் கிடந்தது. அதே ஊரில் 1955-ல் பிறந்த ஓவியர் சாலெர்ம்சாய் கோசித்பிபட் அதை எடுத்துக்கொண்டு, 1997-ல் தன் சொந்தப் பணத்தைப் போட்டு முழுக்கப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார். அப்போது அவருடைய ஓவியங்கள் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. மறைந்த மன்னர் பூமிபோலும் அவற்றை வாங்கியவர்களில் ஒருவர். நன்கொடையும் வாங்குகிறார், ஆனால் ஒருவர் தாய்லாந்துப் பணத்தில் 10,000 பாட் தொகைக்கு மேல் தரக்கூடாது என்று வரம்பு வைத்தார். பெரிய தொகை கொடுத்தவர்கள் நாளைக்கு வந்து ‘இந்தத் தூணை மாற்று, என் பெயரை அங்கே பொறி’ என்று சொல்லக் கூடாது என்பதற்காக. கோயில் கட்டுகிற யாரும் இப்படி ஒரு விதி போட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கோயில் ஒரே மனிதரின் கைவேலை மாதிரி இருப்பதற்கு இந்த விதிதான் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

திட்டத்தில் மொத்தம் 9 கட்டடங்கள். உபோசத மண்டபம் (பிரதான வழிபாட்டு மண்டபம்), புத்தரின் தாதுக்களுக்கான (புனித எச்சங்களுக்கான) மண்டபம், தியான மண்டபம், பிக்குகள் தங்கும் இடம், ஓவியக்கூடம் எல்லாம் சேர்த்து. முடிவதற்கு 2070 ஆகும் என்கிறார்கள். தொடங்கும்போது அவருக்கு 42 வயது. கணக்குப் போட்டுப் பார்த்தால் முடியும்போது 115. அதனால்தான் சீடர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயிற்றுவித்து வருகிறார். ஆக, நீங்கள் போகும்போது ஏதாவது ஒரு மூலையில் சாரம் கட்டியிருக்கலாம். அதைக் குறையாக நினைக்காதீர்கள். சுதை வேலை நடப்பதை நின்று பார்க்கக் கிடைத்தால் அதுவே ஒரு காட்சி.

ஆக முதல் கேள்விக்குப் பதில்: கோயில்தான். ஆனால் பழைமையால் மதிப்புப் பெற்ற கோயில் இல்லை. அந்த வெள்ளைச் சுவர்களில் நூற்றாண்டுகளைத் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள்.

இப்போது உள்ளே நடக்கலாம். ஏன் வெள்ளை? தாய்லாந்துக் கோயில்கள் பெரும்பாலும் பொன்னும் சிவப்பும் பச்சையுமாக இருக்கும். இவர் பொன்னை வேண்டுமென்றே ஒதுக்கினார். பொன் ஆசைக்கு உரிய நிறம், வெள்ளை புத்தரின் தூய்மை என்பது அவர் கணக்கு. சுதையில் பதித்திருக்கும் சிறு சிறு கண்ணாடித் துண்டுகள் புத்தரின் ஞானம் உலகெங்கும் ஒளிர்வதைக் குறிக்கின்றன. இந்த விளக்கத்தை வழிகாட்டிகள் எல்லோரும் ஒப்பிப்பார்கள். அவர்கள் சொல்லாதது, அந்தக் கண்ணாடித் துண்டுகள் கண்ணுக்கு என்ன செய்கின்றன என்பது. படத்தில் அந்தக் கோயில் கல்யாணக் கேக் மாதிரி வழவழவென்று இருக்கும். நேரில் அப்படி இல்லை. நீங்கள் ஓர் அடி நகர்ந்தால் கூரையில் எங்கோ ஒரு பொறி அணையும், வேறெங்கோ ஒன்று பற்றும். மேகம் கடந்தால் கட்டடமே சாம்பல் நிறமாகிவிட்டுத் திரும்ப வெளுக்கும். கேமராவுக்கு அது பிடிபடாது. படம் பார்த்துவிட்டு ‘கொஞ்சம் அலங்காரம் ஜாஸ்தி’ என்று நினைத்தவர்கள்கூட நேரில் மாற்றிச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

உபோசத மண்டபத்துக்குப் போக ஒரே வழி, ஒரு பாலம். பாலம் தொடங்கும் இடத்தில் தரையில் வட்டமாக ஒரு பள்ளம். அதிலிருந்து நூற்றுக்கணக்கான கைகள் மேல்நோக்கி நீள்கின்றன. சில கைகளில் பிச்சைப் பாத்திரம், சில வெறுமனே விரிந்திருக்கின்றன. கட்டுக்கடங்காத ஆசையில் அமிழ்ந்தவர்களின் கைகள். அத்தனை வெள்ளைக் கைகளுக்கு நடுவே ஒரே ஒரு விரல் நகத்துக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள், கவனித்துத் தேடுங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

பாலம் பிறவிச் சுழலைக் கடப்பதைக் குறிக்கிறது. அதன் இரு பக்கமும் பாதி பெண், பாதி பறவையான கின்னரிகள். கடந்ததும் சொர்க்க வாசல். அங்கே இரண்டு பிரம்மாண்ட உருவங்கள் மிரட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று மரணம், மற்றது ராகு. கிரகணத்துக்குப் பொறுப்பான அதே ராகுதான், இங்கே இறந்தவர்களின் விதியைத் தீர்மானிக்கிறவன். ஒருமுறை பாலத்தில் ஏறிவிட்டால் திரும்பி வரக்கூடாது. பணியாளர்கள் ஒலிபெருக்கியில் ‘நகருங்கள், நகருங்கள்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கூட்டத்தை நிர்வகிக்கும் விதி மாதிரி தோன்றினாலும், கட்டடத்தின் பொருளே அதுதான்: கடந்தவன் மறுபடி ஆசைப் பள்ளத்துக்குத் திரும்புவதில்லை. வெளியேறும் வழி மண்டபத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. அதனால் பாலத்தில் ஏறுவதற்கு முன்பே உங்கள் படங்களை எடுத்து முடித்துவிடுங்கள், கைகள் இருக்கும் பள்ளத்தையும் நின்று பார்த்துவிடுங்கள். நடுப்பாலத்தில் நின்று எடுக்க நினைத்தால் பின்னால் வருகிறவர்களின் கோபத்தைத்தான் சம்பாதிப்பீர்கள்.

மண்டபத்தின் கூரை, வழக்கமான தாய்லாந்து அடுக்குக் கூரை. அதில் நான்கு உயிர்கள் நான்கு பூதங்களைக் குறிக்கின்றன: யானை நிலம், நாகம் நீர், அன்னத்தின் சிறகு காற்று, சிங்கத்தின் பிடரி நெருப்பு. வெயிலில் அண்ணாந்து பார்ப்பது சிரமம், ஆனால் கட்டடத்தைச் சுற்றி வரும்போது பக்கவாட்டிலிருந்து ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம்.

சரி, இப்போது சூப்பர்மேனுக்கு வருவோம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால், வெளியே பார்த்த வெள்ளை சட்டென்று முடிந்துவிடுகிறது. சுவர் முழுக்கப் பொன்னும் ஆரஞ்சுமான தீ நிறம். எதிரே புத்தர். அந்தப் பக்கத்து ஓவியங்கள் சாந்தமானவை. மனிதர்கள் கவலைகளை விட்டுவிட்டு மிதந்தபடி புத்தரை நோக்கிப் போகிறார்கள். பெரும்பாலானவர்கள் கும்பிட்டுவிட்டு, பக்கத்து வழியாக வெளியேறிவிடுகிறார்கள். அவர்கள் தவறவிடுவது நுழைவாயிலுக்கு மேலே உள்ள சுவர். அதைப் பார்க்க நீங்கள் திரும்பி நிற்க வேண்டும்.

அங்கே ஒரு பெரிய அசுர முகம். கண்களுக்குள் உற்றுப் பார்த்தால் ஒன்றில் ஜார்ஜ் புஷ், மற்றதில் பின் லேடன். அதைச் சுற்றி எரியும் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள், பெட்ரோல் குழாய், அணு ஆயுதம், விண்கலங்கள். அந்தக் குழப்பத்தின் நடுவே சூப்பர்மேன், மைக்கேல் ஜாக்சன், ஹலோ கிட்டி பூனைப் பொம்மை என்று நமக்குத் தெரிந்த முகங்கள். ‘இது என்ன கூத்து’ என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் அந்தச் சுவரில் இருப்பது ஒரு பழைய காட்சி. புத்தராவதற்கு முன் சித்தார்த்தர் போதி மரத்தடியில் அமர்ந்திருக்கும்போது, ஆசை காட்டி வழிமறிக்கும் மாரன் தன் படையோடு வருகிறான். ஆயுதங்களால் மிரட்டுகிறான், மகள்களை அனுப்பி மயக்கப் பார்க்கிறான். அவர் அசையாமல் வலக்கையால் நிலத்தைத் தொட்டுச் சாட்சிக்கு அழைக்கிறார். பூமித்தாய் எழுந்து வந்து தன் கூந்தலைப் பிழிய, அதிலிருந்து பெருகும் வெள்ளம் மாரன் படையை அடித்துக்கொண்டு போகிறது. தாய்லாந்தின் மரபான கோயில்களில் இந்தக் காட்சிக்கு என்றே ஓர் இடம் உண்டு. புத்தருக்கு நேர் எதிரே, வாசலுக்கு மேலே உள்ள சுவர். புத்தர் எப்போதும் மாரனைப் பார்த்தபடி இருப்பார். பக்தன் மாரனின் கீழாக நுழைந்து புத்தரிடம் வருவான், கும்பிட்டுத் திரும்பினால் மாரன் எதிரே நிற்பான்.

பழைய ஓவியர்கள் அந்தப் படையில் யாரை எல்லாம் வரைந்தார்கள் தெரியுமா? அசுரர்களை மட்டும் இல்லை. பாங்காக்கின் பழைய கோயில் சுவர்களில் மாரன் படையை உற்றுப் பார்த்தால் தொப்பி வைத்த ஐரோப்பியர்கள், துப்பாக்கிக்காரர்கள், தலைப்பாகை கட்டிய மேற்காசியர்கள் எல்லாம் இருப்பார்கள். அந்தந்தக் காலத்தில் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள், ஆச்சரியமும் பயமும் கலந்து பார்க்கப்பட்டவர்கள். ஓவியனுக்கு எது அன்றைய ‘வெளியிலிருந்து வரும் வலிமை’யோ, அது மாரன் பக்கம் போய் நிற்கும். 19-ஆம் நூற்றாண்டில் மன்னர் நான்காம் ராமா காலத்தில், பிக்குவாக இருந்த ஓவியர் குருவா இன் கோங், பாங்காக்கின் வாட் போவோன்னிவேத் சுவர்களில் மேற்கத்திய நகரங்களையும் கப்பல்களையும் தூரத்தில் உள்ளவை சிறிதாகத் தெரியும் மேற்கத்திய தூர-அண்மை முறையில் வரைந்தார். அங்கே அவை மாரனின் பக்கம் இல்லை, தர்மத்தை விளக்கும் உருவகங்கள். எப்படியானாலும், கோயில் சுவரில் சமகாலம் நுழைவது சாலெர்ம்சாய் கண்டுபிடித்த விஷயம் இல்லை.

அதனால் சூப்பர்மேன் அந்தச் சுவரில் கேலிக்காக இல்லை. புத்தரின் பக்கத்தில் அவரை வரைந்திருந்தால் நீங்கள் கேட்பது நியாயம். வரைந்திருப்பது மாரனின் சுவரில். எரிகிற உலகத்தில் காப்பாற்ற வருவார் என்று நாம் எதிர்பார்க்கிற நாயகர்களும், நம்மை மயக்கும் பொம்மைகளும் அதே தீயில்தான் இருக்கிறார்கள் என்று நான் அதைப் படிக்கிறேன். மாரனின் மகள்கள் இருந்த இடத்தில் ஹலோ கிட்டி. எனக்கு அந்த மாற்று ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆயுதத்தைவிட இனிப்பானது ஆபத்து என்று மூலக்கதையே சொல்கிறதே.

எல்லாம் சரியாக வந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சினிமா முகங்கள் சீக்கிரம் பழையதாகிவிடும். இன்றைக்கே பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அவற்றில் பாதி யாரென்று தெரியாது. வெளியே தோட்டத்தில் மரங்களிலிருந்து தொங்கும் சினிமா அசுரத் தலைகளும், புகையும் மதுவும் வேண்டாம் என்று எச்சரிக்கும் மண்டையோட்டு பாட்டிலும் எனக்குக் கொஞ்சம் மலிவாகவே படுகின்றன. உள்ளே அந்த ஒரு சுவர் சொல்வதை இவை கத்திச் சொல்கின்றன.

அவமரியாதை என்ற குற்றச்சாட்டு இவருக்குப் புதிதும் இல்லை. 1980-களில், பான்யா விஜிந்தனசார்ன் என்ற இன்னோர் ஓவியருடன் சேர்ந்து லண்டன் விம்பிள்டனில் உள்ள வாட் புத்தபதீபா என்ற தாய்லாந்துக் கோயிலில் சுவரோவியம் வரைந்தார். அதில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரும் அன்னை தெரசாவும் இடம்பெற்றார்கள். தாய்லாந்தில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. பிக்குகள், அரசு, சக ஓவியர்கள் எல்லோரும் திட்டினார்கள். அதே நாடு 2011-ல் அவருக்குத் தேசியக் கலைஞர் பட்டம் கொடுத்தது. இன்று லண்டன் ஓவியங்களைப் பார்க்கத் தனியாகவே ஆட்கள் போகிறார்கள்.

மண்டபத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. இந்த விதியைக் கண்டிப்பாகவே பின்பற்றுகிறார்கள். நல்லதுதான். வெளியே எல்லோரும் திரை வழியாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே மட்டும் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. கும்பிட்டுவிட்டு ஓர் ஓரமாக, நடைபாதையை மறிக்காமல், வாசல் சுவரைப் பார்த்தபடி பத்து நிமிடம் நில்லுங்கள். உட்கார்ந்தால் பாதங்கள் புத்தரை நோக்கி நீளாமல் மடித்து உட்காருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே சுற்றிக்கொள்ளத் துணி தருவார்கள், ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு பாலத்தில் நடப்பது கஷ்டம்.

வெளியே வந்ததும் பளபளவென்று ஒரு பொற்கட்டடம் கண்ணில் படும். ஏதோ முக்கியமான சன்னதி என்று நினைத்து நிறையப் பேர் கைகூப்பிவிடுவார்கள். அது கழிப்பறை. கோயில் வெள்ளை, கழிப்பறை தங்கம். வெள்ளை மனத்துக்கு, தங்கம் உடலுக்கும் உலக ஆசைக்கும் என்று ஆரம்பத்தில் சொன்ன கணக்கு இங்கே வந்து முடிகிறது. அந்தக் கோயிலில் உள்ள எல்லா நகைச்சுவையிலும் இதுதான் கூர்மையானது.

வளாகத்தில் பிள்ளையாருக்கும் பொன்னிறத்தில் ஒரு மண்டபம் உண்டு. புத்தர் கோயிலில் பிள்ளையாரா என்று ஆச்சரியப்பட வேண்டாம். தாய்லாந்தில் அவர் கலைகளின் தெய்வம். நாட்டின் நுண்கலைத் துறைக்கும், சாலெர்ம்சாய் படித்த சில்பாகோன் பல்கலைக்கழகத்துக்கும் அவர்தான் சின்னம். ஓர் ஓவியர் கட்டிய கோயிலில் அவர் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அரச மர இலை வடிவில் மெல்லிய தகடுகள் விற்பார்கள். பெயரும் வேண்டுதலும் எழுதிக் கம்பி மரங்களில் தொங்கவிடலாம். ஓவியக்கூடத்தில் அவருடைய ஓவியங்களும் அச்சுப் பிரதிகளும் இருக்கின்றன. கோயிலைவிட அவரது ஓவியத்தில்தான் எனக்கு ஈடுபாடு என்பவர்கள் அங்கே அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் எட்டிப் பார்த்தால் போதும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கட்டடத்தைப் பற்றிய பேச்சு முழுமையாகாது. 2014 மே 5 அன்று சியாங் ராய் பகுதியில் ரிக்டர் அளவில் 6-ஐத் தாண்டிய நிலநடுக்கம் வந்தது. கோயில் கூரையிலிருந்து சுதை உதிர்ந்தது, சுவர்களில் விரிசல், ஓவியங்கள் சேதம். கோயிலை மூடிவிட்டார்கள். பல ஆண்டு உழைப்பு போனது, இனி பழையபடி கட்ட முடியாது, இடித்துவிடலாம் என்று சாலெர்ம்சாய் முதலில் அறிவித்தார். பொறியாளர்கள் வந்து பார்த்து, கட்டடத்தின் உறுதிக்குப் பாதிப்பு இல்லை என்று சொன்ன பிறகு மனம் மாறி, பழுதுபார்த்துத் தொடர்வதாக வாக்குக் கொடுத்தார். நீங்கள் இன்று பார்ப்பது அதற்குப் பிறகு சரிசெய்த கோயில்.

கட்டணம்: 2016 வரை எல்லோருக்கும் இலவசம். அப்புறம் வெளிநாட்டவருக்கு 50 பாட் ஆக்கி, பின்னர் 100 ஆக்கினார்கள். போவதற்கு முன் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து மக்களுக்குக் கட்டணம் இல்லை. இதைப் பாரபட்சம் என்று குறைப்படுபவர்கள் உண்டு. தன் ஊர்க் கோயிலுக்குள் போக ஊர்க்காரன் டிக்கெட் எடுக்க வேண்டாம் என்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

நேரம்: கோயிலுக்கு மட்டும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போதும். பிரச்சினை கூட்டம். சியாங் மாயிலிருந்து கிளம்பும் சுற்றுலா வண்டிகள் மூன்று மணி நேரம் ஓடி, முற்பகலில் ஒன்றாக வந்து சேரும். அந்த நேரத்தில் உள்ளே நின்று சுவரைப் பார்ப்பது முடியாத காரியம். அதனால்தான் ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணத்தை நான் சிபாரிசு செய்வதில்லை. முந்தின இரவே சியாங் ராயில் தங்கி, காலையில் திறந்ததும் போய்விடுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை வடதாய்லாந்து முழுக்க மூடிவிடும். நீல வானம் இல்லாமல் அந்த வெள்ளை எடுபடாது, மூச்சுக்கும் கெடுதல்.

ஊரில் தங்கினால் இன்னும் இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று நீலக் கோயில், வாட் ரோங் சுவா தென். சாலெர்ம்சாயிடம் பயின்ற உள்ளூர் கலைஞர் ஒருவர் வடிவமைத்தது, பிரதான மண்டபம் 2016-ல் முடிந்தது. குருவின் கைவளம் தெரியும், குருவின் கோபம் இருக்காது. அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மற்றொன்று நகரின் வடக்கே உள்ள பான் தாம், கறுப்பு வீடு. தவான் துச்சனீ என்ற பெரிய ஓவியரின் இடம். அவர் 2014-ல் காலமானார். அது கோயில் இல்லை. கருந்தேக்கில் சுமார் 40 கட்டடங்கள், உள்ளே எருமைக் கொம்பு, முதலைத் தோல், யானை எலும்பு. வெள்ளைக் கோயில் சொர்க்கம், கறுப்பு வீடு நரகம் என்று சுற்றுலாப் பிரசுரங்கள் எழுதும். அது சோம்பேறித்தனமான ஜோடி. நரகத்தை வெள்ளைக் கோயிலின் வாசல் சுவரிலேயே பார்த்துவிட்டுத்தானே வருகிறீர்கள். தவானின் வீட்டில் இருப்பது நரகம் இல்லை, பிரசங்கமே செய்யாத ஒரு கலைஞனின் தனிமை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பான் தாமுக்குப் போங்கள், நீலக் கோயிலை மாலையில் விளக்கு போட்ட பிறகு போகிற வழியில் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

போக்குவரத்து எளிது. நகரின் பழைய பேருந்து நிலையத்திலிருந்து வெள்ளைக் கோயில் வழியாகப் போகும் உள்ளூர் பேருந்துகள் உண்டு, மலிவானவை. கோயில் 1-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. திரும்பும்போது நகரை நோக்கிப் போகும் பக்கம் நின்று கை காட்டினால் நிறுத்துவார்கள். மூவர், நால்வராகப் போனால் பாதி நாளுக்கு வண்டி பேசிக்கொண்டு பான் தாமையும் சேர்த்து முடிப்பது வசதி. அப்படிப் பேசும்போது வெள்ளைக் கோயிலை முதலில் வைக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர்கள் தங்கள் வசதிக்கு அதைக் கடைசியில் வைக்கப் பார்ப்பார்கள்.